காற்று மடங்கும் நேரம்

"மச்சான், பத்து மணிக்குள்ள வந்துருங்க. உச்சி திரும்பி கடக்காத்து ஏறிருச்சுன்னா வெளிவேலை நின்னுரும். அப்புறம் நீங்க பார்க்க ஒண்ணும் இருக்காது."

அத்தை மகன் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். எங்களுக்குப் பரமக்குடிப் பக்கம். கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். அவன் வாயில் 'கடக்காத்து' என்ற சொல் அத்தனை சரளமாக வந்தது எனக்குப் புதிதாக இருந்தது. பதினான்கு வருடம் சிங்கப்பூரில் ஜூரோங்கிலும் துவாஸிலும் கப்பல் பட்டறைகளில் வெல்டராக இருந்தவன். ஊர் திரும்பிய பிறகு மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி போகும் சாலையில் ஒரு ஒப்பந்தப் பட்டறைக்கு ஃபோர்மேன். அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுத்தவர் யார் என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறினேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வீடுகளின் கொல்லைப்புறங்களை ஒட்டியே போகும் வண்டி அது. உலர்த்திய துணி, சுவரேறிய பூசணிக்கொடி, பழைய இரும்புக் கடை, மறுபடியும் துணி. வெல்டிங் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு இருந்ததாலோ என்னவோ, கண் பெட்டியின் உடம்பையே மேய்ந்தது. ஜன்னல் சட்டத்தின் மூலையில், பல பூச்சுப் பெயின்டுக்கு அடியில், மீன் செதில் அடுக்கினாற்போல ஒரு வரி. பெரம்பூரில் 1955-இல் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபோது சுவிஸ் நாட்டு நிறுவனத்திடமிருந்து நாம் கற்றுக்கொண்ட வித்தைகளில் பெரியது இதுதான்: ஆணி அறையாமல், எஃகுத் தகட்டைத் தகட்டோடு உருக்கிச் சேர்ப்பது. தினம் இந்த வண்டியில் போகிற ஆயிரக்கணக்கான பேரைத் தாங்குவது அந்தச் செதில் வரிகள்தாம். அவற்றை இழுத்த கைகளை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலையாற்றின் கழிமுகம் திறந்துகொண்டது. தண்ணீருக்கு அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். ஆற்றில் இடுப்பளவு நீரில் இரண்டு பேர் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கிகளின் புகை கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதாவது காற்று இன்னும் மேற்கிலிருந்துதான். பழந்தமிழ் அதற்குக் கோடை என்று பெயர் வைத்தது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல். ஆனியில் காலை முழுக்கக் கோடைதான் அடிக்கும். தரை நன்றாகச் சுட்ட பிறகுதான் கடல் பதில் சொல்லும்.

மீஞ்சூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே ஆட்டோ நுழைந்து நுழைந்து போனது. உப்பளங்கள், பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலம், சவுக்குத் தோப்பின் மிச்சம். காட்டுப்பள்ளி என்பது ஒரு மணல் நாடா. மேற்கே கால்வாயும் கழிவெளியும், கிழக்கே வங்கக் கடல், வடக்கே பழவேற்காடு ஏரி. அந்த நாடாவின் மேல் 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அதை அடுத்து லார்சன் அண்ட் டூப்ரோவின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும். 2018-இல் துறைமுகம் அதானி குழுமத்துக்குக் கைமாறியது. கப்பல் தளம் பழைய கையிலேயே இருக்கிறது. இவை வருவதற்கு முன்பு கரையில் ஒரு மீனவர் குப்பம் இருந்தது. தளத்துக்காக அது இடம் பெயர்ந்தது.

கப்பல் தளத்துக்குள் நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. பாதுகாப்புத் துறைக்குக் கப்பல் கட்டுகிற இடம். சாலையிலிருந்து பார்த்தால் பாரந்தூக்கிகளின் கழுத்தும் பெரிய கொட்டகைகளின் கூரையும்தான் தெரியும். ஆனால் அங்கிருந்து கடலில் இறங்கியவை எவை என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 2017 ஜூனில் கடற்படைக்கான மிதக்கும் உலர்துறை: 185 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 8,000 டன் கப்பலை அப்படியே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். கடலோரக் காவல்படைக்கு 98 மீட்டர் நீளத்தில் ஏழு ரோந்துக் கப்பல்கள். மூத்தது விக்ரம், 2018 ஏப்ரலில் சேவைக்கு வந்தது, கடைக்குட்டி விக்ரஹா 2021 ஆகஸ்டில். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்து நின்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. 2025 ஜூனில் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல் அர்னாலாவும், கொல்கத்தாத் தளம் ஒன்றோடு சேர்ந்து, இங்கே உருவானதுதான்.

இத்தனை பெரிய ஆலமரத்தைச் சுற்றி விழுதுகள் இல்லாமல் இருக்குமா? மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை சாலைக்குச் சாலை இரும்புப் பட்டறைகள். அவற்றில் ஒன்றில்தான் என் அத்தை மகனுக்கு வேலை.

"வாங்க மச்சான். முதல்ல மோர் குடிங்க" என்றான். மணி ஒன்பதே முக்கால்.

கொட்டகைக்கு வெளியே, திறந்த வெளியில், கட்டைகளின் மேல் ஒரு பான்டூன் இருந்தது. தூர்வாரும் எந்திரத்தைத் தாங்கப்போகும் மிதவை. பார்ப்பதற்கு மூடி போட்ட பெரிய தகரப் பெட்டிபோல இருக்கும், உள்ளே அறை அறையாகப் பிரித்திருக்கும். கொட்டகைக்குள் இரண்டு பாதியாகச் செய்து, வெளியே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். கப்பலும் இப்படித்தான். கூரைக்குக் கீழே கட்டி கட்டியாகச் செய்து, பிறகு வெளியில் நிறுத்திச் சேர்ப்பார்கள். உள்ளே செய்யும்போது கட்டியைப் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம். தலைக்கு மேலே அண்ணாந்து பிடிக்க வேண்டிய வெல்டிங், தரையில் கோலம் போடுவதுபோல ஆகிவிடும். சேர்க்கும் இடத்தில் அந்த வசதி கிடையாது. இணைப்பு எப்படி நிற்கிறதோ அப்படியே நின்று அடிக்க வேண்டும். பான்டூனைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

நான் இவ்வளவு தூரம் வந்தது ஒரு சந்தேகத்துக்காக. எங்கள் தெருமுனை கேட் கடையில் புதிதாக ஒரு சின்ன மெஷின் வாங்கியிருந்தார்கள். கேஸ் சிலிண்டர் கிடையாது. உள்ளே பவுடர் அடைத்த வயரைப் போட்டு அடிக்கிறார்கள், நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் என் அத்தை மகன் பட்டறையிலும் பவுடர் வயர்தான். அங்கே மட்டும் வரிசையாக சிலிண்டர்கள். பவுடர் உள்ளே இருக்கும்போது கேஸ் எதற்கு?

"எங்க பழைய முதலாளியும் இதையேதான் கேட்டாரு" என்றான்.

அந்தக் கதைக்கு முன்பு கொஞ்சம் அடிப்படை. இரும்பு உருகி நிற்கும் அந்த நொடியில் அதற்குக் காற்று ஆகாது. நாம் மூச்சுவிடும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன், ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். உருகிய எஃகு இரண்டையும் குடித்துவிடும். இறுகும்போது குடித்ததைக் கக்கும். கக்கியது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குமிழாகச் சிக்கிக்கொள்ளும். பட்டறையில் அதற்கு ப்ளோ ஹோல் என்று பெயர். ஆகவே வெல்டிங் என்ற கலை பாதி, உருக்குவது. மீதிப் பாதி, உருகியதைக் காற்றிடமிருந்து மறைப்பது.

நாம் எல்லோரும் பார்த்த ராடு, கம்பிக்கு மேலே மருந்து பூசியது. எரியும்போது மருந்து புகையாகி ஒரு திரை போடும். மிச்சம் ஸ்லாக்காக மேலே மூடும். ஒரு ராடு தீர்ந்ததும் நிறுத்தி அடுத்ததைச் சொருக வேண்டும். நிறுத்தித் தொடங்கும் ஒவ்வோரிடமும் குறை புகும் வாசல். பவுடர் வயர், அந்த ராடை உள்வெளியாகத் திருப்பியது. மெல்லிய எஃகுக் குழாய், நடுவில் மருந்து. 1.2 மில்லிமீட்டர் தடிமன், குத்தூசியைவிட மெலிது. பதினைந்து கிலோ சுருளாக மெஷினில் மாட்டினால் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்கும். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இது இரண்டு கிளையாகப் பிறந்தது. ஒன்று வெளியிலிருந்து கேஸ் கேட்கும். மற்றொன்று தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளும். பார்த்தால் இரண்டும் ஒரே வயர்தான். குணம் வேறு.

"கேஸ் கேக்கிற வயர்ல உள்ள பவுடருக்கு வேற வேலை மச்சான். ஆர்க்கை நிதானமா வைக்கணும், அழுக்கை இழுக்கணும், மேல ஸ்லாக் போட்டு, செங்குத்தா அடிக்கும்போது உருகினது வழியாம தாங்கணும். இத்தனூண்டு ஓட்டைக்குள்ள இவ்வளவுதான் அடைக்க முடியும். காத்தை விரட்டுற வேலையைக் கேஸ்கிட்ட விட்டாச்சு."

தானே காத்துக்கொள்ளும் வயரில் அடைப்பதே வேறு. அலுமினியமும் மெக்னீசியமும் கலந்திருக்கும். காற்று உள்ளே வரும் என்று தெரிந்தே, வருகிற நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிடித்துக் கட்டிப்போட ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். கேட் கடைக்காரர் அடிப்பது இந்த வகை.

பழைய முதலாளி செய்தது இது. கேஸ் வயரை மாட்டிக்கொண்டு, 'பவுடர்தான் இருக்கிறதே' என்று சிலிண்டரை மூடச் சொல்லிவிட்டார். கேஸ் விலை அவருக்கு உறுத்தியிருக்கிறது. மேலே பார்த்தால் வரி ஒழுங்காகத்தான் இருந்தது. ஸ்லாக்கைத் தட்டியதும் புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி ஓட்டைகள். அத்தனையையும் கார்பன் ராடு வைத்துத் தோண்டி எடுத்து மறுபடி அடித்தார்கள். ஒரு வாரக் கூலியும் வயரும் போனது. மிச்சம் பிடித்த கேஸின் விலை அதற்கு ஒரு மூலைக்குக் காணாது.

"சரி மாப்ளே, அப்ப கேஸ் வேண்டாத வயருக்கும் கேஸ் குடுத்துட்டா இன்னும் நல்லதுதானே?"

அவன் முகம் மாறியது. அந்தத் தப்பு இன்னும் மோசம் என்றான், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. நைட்ரஜனைப் பிடிக்கக் காத்திருக்கும் அலுமினியத்துக்குக் கேஸ் திரை போட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது. வேலையில்லாத அலுமினியம் இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். வெல்டிங் மேலே பளபளவென்று இருக்கும், ஓட்டை இருக்காது. வளைத்துப் பார்த்தால்தான் பிஸ்கட் மாதிரி உடையும். மின்சாரத்தின் திசைகூட இரண்டுக்கும் எதிரெதிர். கேஸ் வயருக்கு டார்ச் பக்கம் பாசிட்டிவ். மற்றதில் பெரும்பாலானவற்றுக்கு நெகட்டிவ். சுருளின் அட்டையில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் மாட்டுகிறவர்கள்தான் அதிகம் என்று அவன் சொன்னபோது குரலில் உண்மையான ஆற்றாமை இருந்தது.

அட்டையை எடுத்துக் காட்டினான். ஈ71டி-1சி. 7 என்பது இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு. அடுத்த 1, எந்தக் கோணத்திலும் அடிக்கலாம் என்பதற்கு. டி என்றால் குழாய் வயர். கடைசியில் நிற்கும் சி, சுத்தமான கார்பன் டை ஆக்சைடு. அதே இடத்தில் எம் இருந்தால் ஆர்கான் கலந்தது, முக்கால் முதல் ஐந்தில் நான்கு பங்கு ஆர்கான். அட்டையில் 11 என்று முடிந்தால் கேஸே கூடாது.

"சி-க்கு எம் கேஸ் குடுத்தா என்ன?" என்று நான் கேட்டதற்குப் பக்கத்தில் நின்ற இளம் வெல்டர் முந்திக்கொண்டார். "ஸ்பேட்டர் தெறிக்கிறது குறையும்ணே, ஸ்மூத்தா போகும்." அத்தை மகன் தலையசைத்தான், ஆனால் விடவில்லை. கார்பன் டை ஆக்சைடு ஆர்க்கின் சூட்டில் உடைந்து கொஞ்சம் ஆக்சிஜனை அவிழ்த்துவிடும். அது வயரிலுள்ள மாங்கனீஸையும் சிலிக்கனையும் கொஞ்சம் எரிக்கும். எரியப்போவதைக் கணக்கில் வைத்துத்தான் வயர் செய்கிறவன் அளவைப் போட்டிருக்கிறான். ஆர்கான் கலந்தால் எரிவது குறையும், மிஞ்சுவது கூடும். வெல்டிங் தேவைக்கு மேல் விறைப்பாகிவிடும். "ஜாதகம் பார்த்துச் சேர்த்த ஜோடி மச்சான் இது. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணையும் கேட்டுட்டுத்தான் மாத்தணும்."

ஆர்கானைப் பற்றி ஒரு வார்த்தை. 1894-இல் ராலேயும் ராம்சேயும் காற்றிலிருந்து அதைப் பிரித்தபோது, எதனுடனும் சேராத அதன் குணத்தைப் பார்த்து கிரேக்க மொழியில் சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. காற்றை மைனஸ் 180 டிகிரிக்கும் கீழே குளிர்வித்துத் திரவமாக்கி, ஒவ்வொன்றும் எந்தச் சூட்டில் கொதிக்கிறதோ அந்தச் சூட்டில் பிரித்தெடுக்கிறார்கள். காற்றிடமிருந்து இரும்பைக் காக்க, காற்றுக்குள்ளிருந்தே ஒன்றை எடுத்து நிறுத்துவது என்ற யோசனை என்னை அன்று முழுக்க விடவில்லை.

பத்தேகால். வேலை தொடங்கியது. எனக்கும் ஒரு முகமூடி கொடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு பச்சைப் புள்ளி. அதன் பின்னால் அரிசியளவு குளம். அந்தக் குளத்தின் விளிம்பில்தான் வெல்டரின் முழுக் கவனமும். இணைப்பின் பின்பக்கம் வெள்ளைப் பீங்கான் ஓடுகளை நாடாவால் ஒட்டியிருந்தார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் விரல் நுழையாத இடைவெளி. முதல் ஓட்டம் அந்த ஓட்டின்மேல் படிந்து பின்பக்கமும் வழவழவென்று வந்துவிடும். பின்னால் போய்த் தோண்டி இன்னொரு தடவை அடிக்க வேண்டாம். உலகின் கப்பல் தளங்கள் இந்த ஓடும் கேஸ் வயரும் சேர்ந்த முறையை இவ்வளவு விரும்புவதற்கு அதுதான் காரணம்.

சிலிண்டர் பக்கம் போனேன். வெயில் கொளுத்துகிறது; ரெகுலேட்டரின் கழுத்தில் வெண்பனி. திரவமாக அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு விரியும்போது அப்படிக் குளிர்ந்துவிடும், வாயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்காகவே மின்சார ஹீட்டர் மாட்டியிருக்கிறது. சிலிண்டர்களுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல். 31 டிகிரிக்கு மேல் அந்த வாயுவுக்குத் திரவ நிலையே கிடையாது. நம் ஊர் வெயிலில் உள்ளழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நிழல் அங்கே பாதுகாப்பு விதி.

கேஸின் அளவு நிமிடத்துக்கு 18 லிட்டரில் நின்றிருந்தது. இளம் வெல்டர் ஒருவர் நடுவில் வந்து 30-க்குத் திருகினார். அத்தை மகன் ஒன்றும் பேசாமல் பழைய இடத்துக்குத் திருப்பினான். குழாயை முழுக்கத் திறந்தால் குடத்தில் தண்ணீர் நுரைத்துக் காற்றையும் சேர்த்துக்கொண்டு விழும் அல்லவா, அதுபோல கேஸும் வேகம் கூடினால் சுழன்று, விரட்ட வேண்டிய காற்றையே உள்ளே இழுக்கும். அந்தப் பையன் கூட்டியதற்குக் காரணம் இருந்தது. தார்ப்பாய் புடைக்கத் தொடங்கியிருந்தது.

மணி பன்னிரண்டரை. அதுவரை மேற்கிலிருந்து அடித்த அனல் சட்டென்று நின்றது. ஒரு ஐந்து நிமிடம் எதுவும் அசையவில்லை. பிறகு கிழக்கிலிருந்து ஈரமும் உப்புமாக ஒரு வீச்சு. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. அத்தை மகன் சட்டைப் பையிலிருந்து சிறு காற்றுமானியை எடுத்து நீட்டினான். 21 கிலோமீட்டர். கேஸ் வைத்து அடிக்கும் வேலைக்கு, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் விதி 8 கிலோமீட்டர்தான். நடந்து போகிறவனைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவே. அதற்கு மேல் அடித்தால் டார்ச் வாயிலிருந்து இறங்கும் கேஸ் குடை கலைந்துவிடும்.

"நிறுத்துங்கப்பா."

நிறுத்தினார்கள். யாரும் வாதாடவில்லை. வேலையை முடித்தாக வேண்டிய நாள் நெருங்கும்போது இப்படி நிறுத்தச் சொல்ல ஒரு ஃபோர்மேனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது பட்டறை வாசலை மிதித்தவர்களுக்குத் தெரியும். கப்பலின் இணைப்பைப் பிறகு கதிர்ப்படமோ மீயொலியோ வைத்துப் பார்ப்பார்கள், குறை தெரிந்துவிடும். எல்லா இணைப்பையும் பார்க்க மாட்டார்கள். பார்க்காத இணைப்பிலும் அந்த 8 கிலோமீட்டரை மதிப்பவன்தான் வெல்டர். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், அமைதியான தண்ணீரில் கட்டி நின்ற ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தது. எஃகின் தரம், வடிவமைப்பு, வெல்டிங் மூன்றையும் உலகம் உட்கார்ந்து யோசித்தது அதற்குப் பிறகுதான். நம் ஊரிலும் திருச்சி பெல் வளாகத்தில் 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அத்தை மகன் சிங்கப்பூர் போகுமுன் அங்கே கொஞ்ச நாள் படித்தவன். அதை இன்றும் பெருமையாகச் சொல்வான்.

சாப்பாட்டுக்குப் போகுமுன் எல்லோரும் ஒரு வேலை செய்தார்கள். பான்டூனின் அறைகளுக்குள் கிடந்த டார்ச்சுகளை, ஹோஸோடு சேர்த்து, வெளியே இழுத்துப் போட்டார்கள். சிலிண்டரை மூடியாயிற்றே, பிறகு எதற்கு என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். வேறொரு இடத்தில், பல வருடங்களுக்கு முன்பு, சாப்பாட்டு நேரத்தில் டார்ச்சை டாங்கிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனார்கள். வால்வு சரியாக மூடவில்லை. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், ஆர்கானும் கனம்தான். ஒரு மணி நேரத்தில் அடியில் குளம்போலத் தேங்கிவிட்டது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. முதலில் இறங்கிய உதவியாளர் ஏணிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்க இறங்கியவரும் எழவில்லை.

"ரெண்டு பேரும் போயிட்டாங்க மச்சான். ரெண்டாவது ஆள் என் ரூம்மேட்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இரும்பைக் காக்கும் திரை, காற்று இல்லாத இடத்தை உண்டாக்கித்தான் காக்கிறது. மனிதனுக்கோ காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த இடமே ஆபத்து. இந்தக் கணக்கை டார்ச் பிடிக்கும் ஒவ்வொருவரும், முதல் நாளிலேயே, அவரவர் மொழியில் கேட்டாக வேண்டும். இந்தப் பட்டறையில் ஒடிசாக்காரர்கள் பாதிக்கு மேல். அறை வாயில்களில் தமிழிலும் ஒடியாவிலும் எழுதியிருந்தது: மீட்டர் வைக்காமல் இறங்காதே, வெளியே ஆள் இல்லாமல் இறங்காதே.

பிற்பகலில் உள்வேலை நடந்தது. ஊதுகுழாய் ஒன்று நல்ல காற்றை அடியில் கொண்டு தள்ளியது, இன்னொன்று புகையை இழுத்தது. வாயிலருகே ஒரு பையன் வேறெந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். சில நிமிடத்துக்கு ஒரு முறை சுத்தியலால் தகட்டில் இரண்டு தட்டு தட்டுவான். உள்ளிருந்து இரண்டு தட்டு பதிலாக வரும். அவனுக்கு அன்றைய கூலி அந்தப் பதிலைக் கேட்பதற்குத்தான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு தடவையும் பதில் வரும்வரை எனக்கும் மூச்சு நின்றது.

வெளி இணைப்பில் இன்னும் நான்கு மீட்டர் பாக்கி. காலையில் பான்டூன் லாரி ஏற வேண்டும். ஐந்தரைக்குக் காற்றுமானி 16 காட்டியது. அத்தை மகன் அதைப் பையில் போட்டுக்கொண்டு, கயிறு திரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போனான். பட்டறையில் பாரம் கட்டுவதும் தார்ப்பாய் கட்டுவதும் அவர் வேலை. இடம் பெயர்ந்த காட்டுப்பள்ளிக் குப்பத்துக்காரர். முப்பது வருடம் கடலுக்குப் போனவர்.

"என்ன பெரியவரே, எப்ப அடங்கும்?"

அவர் எழுந்து சாலையோரம் போய் நின்றார். சவுக்கின் நுனிகளைப் பார்த்தார், பிறகு கால்வாய்ப் பக்கம் தண்ணீரை. காதுமடலைக் காற்றுக்குத் திருப்பினார்.

"இன்னிக்கு கடக்காத்து லேட்டாதானே ஏறுச்சு. லேட்டா ஏறுனா பலமா இருக்கும், ஆனா ரொம்ப நேரம் நிக்காது. வெளக்கு வெச்சு ஒரு மணி நேரம் போவட்டும். மடங்கும். மடங்கிட்டு கரக்காத்து வர்றதுக்குள்ள ஒரு சந்து கெடைக்கும் ஒனக்கு."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு வலை இழுக்கிற நேரம்."

அத்தை மகன் அந்தக் கணக்கை மணியாக மாற்றிக் கேட்கவில்லை. வெல்டர்களிடம் போய், ஏழரைக்கு ரெடியாக இருங்கள், முனைகளைக் கிரைண்டர் போட்டு, ஈரம் போகச் சூடு காட்டி வைத்துவிடுங்கள் என்றான். உப்புக் காற்றில் தகட்டின் மேல் ஒட்டிய ஈரமும் ஓட்டை போடும். ஹைட்ரஜன் உள்ளே போனால் மறுநாள்கூட விரிசல் விடும். வயர் சுருளையும் அதுவரை உலர்பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

ஏழு மணிக்குத் தேநீர் வந்தது. ஒடிசாப் பையன் ஒருவன் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தான். துறைமுகத்து விளக்குகள் எரியத் தொடங்கின. தார்ப்பாயின் அடி படபடப்பு, ஒரு நிலையில் தாளம் தவறி, பிறகு விட்டு விட்டு, பிறகு எப்போதாவது. பெரியவர் பீடி பற்றவைத்தார். புகை முதலில் மேற்கே ஓடியது. சற்றுப் பொறுத்து ஓட்டம் குறைந்து அவர் முகத்தருகேயே சுற்றிக்கொண்டு நின்றது.

அத்தை மகன் காற்றுமானியை எடுத்தான். 6.

"கேஸைத் திற."

நான்கு மீட்டரை இரண்டு பேர், நடுவிலிருந்து இரண்டு பக்கமாக, கீழிருந்து மேலே ஏற்றினார்கள். பெரியவர் ஆர்க்குக்கு முதுகைக் காட்டி, தார்ப்பாய்க் கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, கடல் பக்கம் பார்த்து நின்றார். காற்று புரண்டால் இழுத்து மூட. முதல் ஓட்டம் முடிந்ததும் டார்ச்சைத் தூக்கினார்கள். சுத்தியல் தொடவே இல்லை. ஆறிய ஸ்லாக் தானாகக் கிளம்பி, சுருண்டு, ஒரே பட்டையாகக் கீழே விழுந்தது. அடியில் செதில் செதிலாக வரி. அத்தை மகன் விளக்கை அருகில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலளவு விரலளவாகப் பார்த்தான்.

"அடுத்த ஓட்டம்" என்றான்.

மறுபடி ஆர்க் எரிந்தது. வெல்டிங் புகை இரண்டு இழையாக, வளையாமல், நேரே மேலே ஏறியது.